பாஞ்சாலி கதையும் பாகம் பிரியாத நிலமும்

கேள்வி: இமயமலைப் பழங்குடிகள் சிலரிடம் ஒரே பெண் அண்ணன் தம்பி எல்லோருக்கும் மனைவியாக இருக்கிறாளாமே? பாண்டவர் வழி வந்த வழக்கம் என்கிறார்கள். அப்படியானால் அங்கே பெண் வைத்ததுதானே சட்டம்?

பதில்: இல்லவே இல்லை. உத்தராகண்டின் ஜான்சார்-பாவரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே இந்த வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இருந்த காலத்தில் கல்யாணம் மூத்தவனுக்குத்தான் நடக்கும். தம்பிகள் தாமாகவே கணவர்களாகிவிடுவார்கள். அன்று தொட்டிலில் கிடந்த தம்பியும் வளர்ந்தபின் கணவன்தான். குழந்தை பிறக்காவிட்டால் இன்னொருத்தியைக் கொண்டுவருவார்கள், அவளும் எல்லோருக்கும் பொது. இதில் பெண் வைத்த சட்டம் எங்கே இருக்கிறது?

பாண்டவர்களைத் தங்கள் முன்னோராக அந்த மக்கள் சொல்வது உண்மை. ஆனால் அப்படிச் சொல்லாத திபெத்திய பௌத்தர்களிடமும், நேபாளத்தின் லிமி பள்ளத்தாக்கிலும் இதே வழக்கம் உண்டு. அதனால் காரணத்தை நிலத்தில் தேடலாம். மலைச்சரிவில் கையகலப் படிவயல். நான்கு பேர் பிரித்தால் ஒருவருக்கும் சோறு மிஞ்சாது. பிரிக்காமல் இருந்தால் ஒருவன் உழுவான், ஒருவன் ஆடுகளை மேலே மேய்ச்சலுக்கு ஓட்டுவான், ஒருவன் வெளியூர் போய்ச் சம்பாதிப்பான். பிள்ளைக்கு எல்லோரும் அப்பா. யாருடைய பிள்ளை என்ற விசாரணையே எழாது. பாகம் பிரிக்கும் பேச்சு இருந்தால்தானே அது எழும்? நிலம் மட்டுமே காரணம் என்றும் முடித்துவிட முடியாது. பக்கத்திலிருக்கும் கர்வாலிலும் அதே மலை, அதே படிவயல். இந்த வழக்கம் மட்டும் இல்லை.

ஜான்சாரில் ஒரு பெண் பிறந்த ஊரில் 'தியாந்தி', அதாவது மகள். திருவிழாவில் ஆடலாம், பாடலாம், பழகலாம், யாரும் தட்டிக்கேட்க மாட்டார்கள். புகுந்த ஊரில் அவளே 'ராந்தி', அதாவது மனைவி. வயல், விறகு, மாடு, அடுப்பு எல்லாம் அவள் தலையில், நடத்தைக்கும் காவல். பிடிக்காவிட்டால் பிரிந்து வேறு கல்யாணம் செய்துகொள்ள வழி இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் புதுக் கணவன் வீட்டார் பழைய வீட்டுக்கு ஈட்டுத்தொகை கட்டியாக வேண்டியிருந்தது.

2025 ஜூலையில் இமாச்சலத்தின் ஷில்லாய் பகுதியில் அண்ணன் தம்பி இருவரை ஒரு பெண் மணந்தபோது நாடெங்கும் கேமராக்கள் திரண்டன. தன் விருப்பம்தான் என்று அவர் சொன்னார், சரி, அதை மதிப்போம். ஆனால் அதே மாநிலத்தின் பழங்குடி மாவட்டமான கின்னவுரில் மகளுக்கும் தகப்பன் நிலத்தில் பங்கு வேண்டும் என்று பெண்கள் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பட்டியல் பழங்குடியினரைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அதனால் ஊர் வழக்கப்படி நிலம் ஆண்களுக்கே போகிறது. கணவன் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அவள் பெயரில் எத்தனை வயல் இருக்கிறது என்று கேளுங்கள்.