கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்: கேட்டவையும் சொன்னவையும்

கே: இத்தனை கச்சேரி இருக்கிறதே, எங்கே தொடங்குவது?

ப: அமெரிக்க ராக் குழு இது. 1965 முதல், கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கார்சியா 1995இல் இறக்கும்வரை இரண்டாயிரத்துக்கும் மேல் மேடை ஏறியவர்கள். முதலில் 1969இல் வந்த ‘லைவ்/டெட்’ கேளுங்கள். ‘டார்க் ஸ்டார்’ 23 நிமிடம் ஓடி நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போய்விடும். ஒரே எச்சரிக்கை: பாட்டுகளைத் தனித்தனியாகப் பிய்த்துக் கேட்காதீர்கள்.

கே: தாளக்கட்டு ஏதாவது உண்டா, சும்மா அலைகிறார்களா?

ப: அதே ஆல்பத்தில் ‘தி லெவன்’ இருக்கிறது. 11 எண்ணிக்கை, 3+3+3+2. கைபோட்டுப் பாருங்கள். இவர்களின் டிரம்மர் மிக்கி ஹார்ட்தான் பிறகு ‘பிளானட் டிரம்’மில் நம்ம கடம் விக்கு விநாயக்ராமோடு வாசித்தவர்.

கே: சவுண்ட்போர்டா, ஆடியன்ஸ் டேப்பா?

ப: சவுண்ட்போர்டு மிக்சரிலிருந்து நேராக எடுத்தது, குரல் துல்லியம். ஆனால் மிக்சர் ஓட்டுபவர் அரங்குக்காகத்தான் மிக்ஸ் செய்கிறார். சின்ன ஹாலில் கிட்டார் ஆம்ப் மேடையிலேயே அலறினால் மிக்சரில் அதைக் குறைத்துவிடுவார். டேப்பில் கிட்டார் மெலிந்து, குரல் மட்டும் முன்னால் நிற்கும். ஆடியன்ஸ் டேப் ரசிகர்கள் கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது. அதில் அரங்கின் எதிரொலி, கைதட்டல், பக்கத்து ஆள் பேச்சு எல்லாம் வரும், கூடவே அந்த இடமும் வரும். இரண்டையும் கலந்த ‘மேட்ரிக்ஸ்’ கிடைத்தால் விடாதீர்கள்.

கே: திருட்டுப் பதிவு இல்லையா?

ப: இல்லை. 1984இல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

கே: 1977 கார்னெல்தானே எல்லாவற்றிலும் உசத்தி?

ப: மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். அருமையான இரவு. ஆனால் அந்தப் புகழில் பாதி ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர்-ஜாக்சனுக்குச் சேர வேண்டியது. அவர் பதிவு அவ்வளவு சுத்தம். அதனால் பலர் கைக்குப் போனது.

கே: அப்படியென்றால் அதை அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவேட்டில் சேர்த்த லைப்ரரி ஆஃப் காங்கிரசுக்கு ஒன்றும் தெரியாதா?

ப: மட்டம் என்று நான் எங்கே சொன்னேன்? ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ முடிந்து ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ எந்த நொடியில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள் பார்ப்போம். அந்த இணைப்புக்காகவே கேட்கலாம். மறுநாள் பஃபலோவில் வாசித்ததையும் கேட்டுவிட்டு வாருங்கள். ‘ஹெல்ப் ஆன் த வே’யில் தொடங்கி ‘ஃபிராங்க்ளின்ஸ் டவர்’ வரை ஒரே மூச்சு. எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

கே: பஃபலோவா! கார்னெல் ‘மார்னிங் டியூ’ பக்கத்தில் வருமா?

ப: வராது. ஆனால் பாட்டுகளைத் தனித்தனியாகப் பிய்க்காதீர்கள் என்று மேலேயே சொன்னேன். ஒரு பாட்டை வைத்து இரவை எடை போடாதீர்கள்.

கே: கார்னெல் எங்கே வாங்கலாம்?

ப: 2017இல் அதிகாரப்பூர்வமாக வந்தது. கார்னெல் பற்றி இதற்கு மேல் பதில் இல்லை.

கே: போதை இல்லாமல் ரசிக்க முடியுமா?

ப: ஃபில்டர் காபி போதும்.

கே: எந்த ஹெட்போன்?

ப: கடைக்காரரைக் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், ஃபில் லெஷின் பாஸ் காணாமல் போய்விடும்.

கே: 1974 பதிவுகளில் குரல் ஏன் சோகையாக இருக்கிறது?

ப: நல்ல கேள்வி, இன்றைக்கு முதல் தடவை! அந்த ஆண்டு ‘வால் ஆஃப் சவுண்ட்’ ஸ்பீக்கர் சுவர் பாடகர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அந்தச் சத்தம் மைக்கில் திரும்பப் புகுந்து ஊளையிடாமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி. இரண்டிலும் சமமாக விழுவது ரத்தாகிவிடும். ஒன்றில் மட்டும் வாய் வைத்துப் பாடுவது மிஞ்சும். குரலிலும் கொஞ்சம் சேர்ந்து ரத்தாகும். ஈக்வலைசரைத் திருகிப் பிரயோசனமில்லை. பாஸையும் பியானோவையும் கேளுங்கள். அந்த ஆண்டு அவைதான் விருந்து.