கறியில பிரியான் எப்படி வருது?

கேள்வி: பிரியான் நோய்னா மூளையில வர்றதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க, அப்புறம் தசைக்குள்ள எப்படி போகுது? மூளை, தண்டுவடம் ரெண்டையும் எடுத்துட்டா மிச்ச கறி சுத்தம்தானே?

பதில்: சுத்தம்னு சொல்ல முடியாதுங்க. மூளையில இருக்கிற அளவு தசையில இருக்காது, அது உண்மை, ஆனா இல்லவே இல்லைன்னு நெனச்சிடக் கூடாது.

பிரியான்ங்கிறது கிருமி இல்ல, மடிப்பு மாறிப்போன ஒரு புரோட்டீன். அது பக்கத்துல இருக்கிற நல்ல புரோட்டீனையும் தன்னை மாதிரியே மாத்திடும். தீனி வழியா உள்ள போச்சுன்னா முதல்ல குடல்ல இருக்கிற நிணநீர்த் திசுக்கள்ல பெருகும், அங்கிருந்து குடல் நரம்பைப் பிடிச்சு தண்டுவடம், மூளைன்னு ஏறும், இதுக்கே மாசக்கணக்கா, சில மிருகத்துல வருஷக்கணக்கா ஆகும். ஏறினது அதோட நிக்காது, தசையை அசைக்கிற நரம்பு வழியாவே திரும்பக் கீழ இறங்கும். அந்த நரம்பு தசையைத் தொடுற இடத்துலயும், தசை எவ்வளவு நீளுதுன்னு உணர்ற சின்னச் சின்ன உறுப்புகள்லயும்தான் அது போய்ப் படியுது. நாக்கையே எடுத்துக்கோங்க, அது முழுக்க தசை, நரம்பும் அதுல ஏராளம், சோதனைக்காக பிரியான் ஏத்தின ஹாம்ஸ்டர்கள்ல (எலி மாதிரி ஒரு சின்ன மிருகம்) நாக்கு வரைக்கும் வந்திருக்கு.

இன்னொண்ணும் இருக்கு, அந்த நல்ல புரோட்டீன் தசை செல்லுலயும் இருக்கு, அதனால வந்து சேர்ந்த பிரியான் அங்கேயே பெருகவும் வழி உண்டு. 2002-ல, பிரியானுக்கு அந்தப் பேரை வெச்ச விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினரோட குழு எலிகளோட பின்னங்கால் தசையில இதைப் பார்த்தாங்க. 2004-ல ஸ்கிரேப்பி (ஆடுகளுக்கு வர்ற பிரியான் நோய்) தொத்தின செம்மறி ஆடுகள்ல, அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே தசையில பிரியான் இருந்துச்சு, மூளையோட ஒப்பிட்டா சுமார் 5000 மடங்கு கம்மி. 2006-ல அமெரிக்காவுல, மெலிவு நோய் (மான்களுக்கு வர்ற பிரியான் நோய்) வந்த மானோட கால் தசையை, மான் புரோட்டீன் இருக்கிற மாதிரி மாத்தின எலிகளோட மூளையில ஊசி மூலமா செலுத்தினாங்க, எலிகளுக்கும் நோய் வந்துடுச்சு. எனக்கு இதுதான் ரொம்பக் கவலையா இருக்கு, ஏன்னா வேட்டையாடி சாப்பிடறவங்க எடுக்கிறது அந்தத் தசையைத்தான். மான்கிட்டேருந்து மனுஷனுக்கு வந்ததா உறுதியான கேஸ் இதுவரைக்கும் இல்ல, ஆனா மாடுகளுக்கு வர்ற பிரியான் நோயான மேட் கவ் நோய் மனுஷனுக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம்னு 1996-ல பிரிட்டன் அரசே அறிவிச்சதை மறந்துடக் கூடாது.

கேள்வி: நல்லா வேக வெச்சா போயிடாதா?

பதில்: போகாது. ஆஸ்பத்திரிக் கருவிகளையே ஆட்டோகிளேவ்ல (அழுத்தமான நீராவியில சுத்தம் பண்ற மெஷின்) 134 டிகிரியில 18 நிமிஷம், இல்லேன்னா வீரியமான காஸ்டிக் சோடாவுல ஊற வெச்சுன்னு தனியா கையாளறாங்க, சாதாரண அடுப்பெல்லாம் எந்த மூலைக்கு? உடல் திசுக்களைக் கெடாம வைக்கிற ஃபார்மலின் திரவத்துல போட்டா இன்னும் அழியாம நிக்கும். டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்துட்டா, எந்தப் பாகமா இருந்தாலும் அந்த மிருகத்தோட கறியைத் தொடாதீங்க.