சீர் செய்தாயிற்று என்று சொத்துப் பங்கை மறுக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 1998-இல் 40 பவுன் நகை போட்டுத் திருமணம் செய்துகொடுத்தார்கள். அப்பா 2019-இல் உயில் எழுதாமல் காலமானார். அவர் சம்பாதித்து வாங்கிய வீடும், தாத்தா வழியில் வந்த இரண்டு ஏக்கர் நிலமும் இருக்கின்றன. "சீர் செய்தாயிற்று, பங்கு கிடையாது, ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்கிறார்கள் அண்ணன்கள் இருவரும். மறுத்தால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அவர்கள் கேட்கும் கையெழுத்து, உங்கள் பங்கை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கானது. அது பதிவாகிவிட்டால் நீங்களாக அதை ரத்து செய்ய முடியாது; ஏமாற்றி வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அந்த வழக்கையும் உண்மை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். ஆகவே முதலில் பத்திர நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல்ரேகை வைத்து, கேமரா முன் உட்கார்ந்து எழுந்து, வாசலுக்கு வந்த பிறகு "இது எதுக்குண்ணா?" என்று கேட்ட பெண்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

திருமணத்தில் போட்ட நகை உங்கள் சீதனம், அதாவது உங்களுக்கே சொந்தமானது. அதைப் பங்கில் கழித்துக்கொள்ள இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இடமில்லை. வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம் என்பதால் அம்மா, அண்ணன்கள், நீங்கள் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு.

நிலத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு தாத்தா இறந்து, அவருடைய சொந்தச் சொத்து வாரிசு முறையில் அப்பாவுக்கு வந்ததென்றால், அது அப்பாவின் தனிச்சொத்து. அப்போதும் உங்களுக்குக் கால் பங்கு. கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தாக இருந்தால், அப்பா, அண்ணன்கள் இருவர், நீங்கள் ஆகிய நால்வரில் ஒருவராகப் பிறப்பால் வரும் கால் பங்கோடு அப்பாவின் கால் பங்கில் நான்கில் ஒன்றும் சேர்ந்து, 16-இல் 5 பங்கு உங்களுடையது. 25.3.1989 அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாட்டில் இந்த உரிமை அப்போதே வந்துவிட்டது, நீங்கள் அவர்களில் ஒருவர். மணமான மகள்களுக்கும் 9.9.2005 முதல் நாடு முழுவதும் வந்தது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. இடையில் பதிவுசெய்த பாகப்பிரிவினை ஏதும் நடந்ததா என்பதை வில்லங்கச் சான்றும், உங்கள் பெயர் விடுபட்டதா என்பதை வாரிசுச் சான்றும் காட்டிவிடும்.

உறவைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பங்கு கேட்பது பகைமை அல்ல. வழக்குக்குப் போகாமலே நால்வரும் பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். விட்டுக்கொடுப்பதானாலும், எவ்வளவு விடுகிறோம் என்று தெரிந்து, உங்கள் விருப்பத்தோடு விடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: அதே பத்திரத்தில் அம்மாவின் கையெழுத்தையும் வாங்கப்போகிறார்களா? அப்படியானால் அவர் இத்தனை காலம் குடியிருந்த வீட்டில் அவர் பெயரில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் முடிவு எதுவாயினும், அவருடைய கால் பங்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று அண்ணன்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.