புல்லைப் படித்தால் என்ன வேலை?

அன்புள்ள அக்காவுக்கு,

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் துறையில் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனார்கள். சீகை (வாட்டில்) என்ற அயல்நாட்டு மரங்களை வெட்டி எடுத்துவிட்டுப் புல் நட்டிருந்த ஓர் இடத்தைக் காட்டினார்கள். மரம் நடு, மரம் நடு என்று கேட்டே வளர்ந்த எனக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. வெட்டினால் கார்பன் போய்விடாதா என்று கேட்டேன். புல்வெளியின் கார்பன் மண்ணுக்குள் இருக்கிறது என்றார் பேராசிரியர். அன்றிலிருந்து இதே நினைப்பு. மண்ணில் கார்பன் சேர்வதையும் புல்வெளியை மீட்பதையும் படித்தால் வேலை கிடைக்குமா? என்ன படிக்க வேண்டும், எங்கே? சித்தப்பா, "புல்லைப் படிச்சு என்ன பண்ணப்போற, பி.எட். முடிச்சுட்டு டெட் எழுது" என்கிறார். என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

வேலை இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் பேராசிரியரிடம் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வெட்டினால் கார்பன் போகுமா? போகும். தண்டிலும் கிளையிலும் இருப்பது விறகாகவோ மட்கியோ ஒருநாள் காற்றில் கலந்துவிடும். பேராசிரியர் சொன்னதும் சரிதான். அப்படியானால் எவ்வளவு போகிறது, எவ்வளவு தங்குகிறது, எத்தனை ஆண்டில்? இதை யாராவது குழி தோண்டி அளந்து சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும் வேலை அதுதான்.

இருபதுகளில் நான் நீலகிரியில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். காலையில் புல் நுனியெல்லாம் உறைபனி. மண்வெட்டியை இறக்கினால் கருப்பு மண், ஈரமான காப்பித்தூள் மாதிரி. ஒரு பிடி எடுத்து உதறினால் உதிராது, அவ்வளவு வேர். குழியின் பக்கச் சுவரில் இரும்பு வளையத்தைப் பதித்து, தட்டி உள்ளே இறக்கி, மண்ணோடு வெட்டி எடுத்து, காய வைத்து எடை போட வேண்டும். குறிப்பிட்ட கன அளவில் எவ்வளவு எடை மண் என்பது அதில் தெரியும். பரும அடர்த்தி என்பார்கள். அப்புறம் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மிச்சமிருக்கும் மெல்லிய வேர்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு பை மண்ணுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

முதல் வாரம் நான் அவசரத்தில் சுத்தியலை ஓங்கி அடித்துவிட்டேன். வளையத்துக்குள் மண் அமுங்கிவிட்டது. பக்கத்துக் குழிகளில் 0.8 வந்த அடர்த்தி என் குழியில் 1.0 என்று வந்தது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். எங்கள் திட்டத் தலைவர் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை 3,000 கன மீட்டர் மண். அடர்த்தி கன மீட்டருக்கு 0.8 டன் என்றால் 2,400 டன். அதில் 5 சதவீதம் கார்பன் என்றால் 120 டன். அதே மண்ணை 1.0 என்று எழுதினால் 150 டன். மண்ணில் ஆண்டுக்கு அரை டன் சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், என் சுத்தியல் ஒரே நாளில் 60 ஆண்டுச் சேமிப்பைக் காகிதத்தில் முளைக்க வைத்திருக்கிறது. அன்று மதியமே திரும்பப் போய் அத்தனை குழிகளையும் மறுபடி எடுத்தேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண் கார்பனுக்கு இப்போது சந்தை வந்துவிட்டது. இவ்வளவு கார்பனைச் சேமித்தோம் என்று சான்று காட்டி, அதைக் கார்பன் கிரெடிட் என்ற பெயரில் விற்கும் நிறுவனங்கள் உங்களைப் போன்ற பட்டதாரிகளைத் தேடுகின்றன. அங்கே மூன்றே ஆண்டில் ஓர் எண்ணைக் காட்டச் சொல்வார்கள். மண் அந்த வேகத்தில் பேசாது. 120 டன்னில் ஆண்டுக்கு அரை டன் கூடினால் பத்து ஆண்டில் நான்கு சதவீதம்தான் மாறியிருக்கும். ஒரே சரிவில் பத்தடி தள்ளித் தோண்டினால் அதைவிட அதிக வித்தியாசம் வரும். எத்தனை குழி, எங்கெங்கே, எத்தனை ஆண்டு இடைவெளியில் என்பதைத் தீர்மானிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. அதனால் புள்ளியியலைப் பயப்படாமல் படியுங்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் என்ற ஆய்வு நிலையத்தில் 1856-ல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்னும் நடக்கிறது. பழைய மண்ணையும் உலர்ந்த புல்லையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தாத்தா காலத்து மண்ணை இன்றைய கருவியில் வைத்துப் பார்க்க அவர்களால் முடிகிறது.

நம் மலையில் அப்படிச் சேமிப்பு அறை கிடையாது. ஆனால் மண்ணே சேமித்து வைத்திருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா என்ற இடத்தில் சதுப்பு மண் இருக்கிறது. முழுதும் மட்காத தாவர எச்சங்கள் அடுக்கடுக்காகப் படிந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு, மரங்களின் விதம் வேறு. அதனால் கார்பன்-13 என்ற கனமான கார்பன் இரண்டிலும் வேறு வேறு அளவில் இருக்கும். செடி மட்கிப் போனாலும் அந்த அடையாளம் மண்ணில் தங்கிவிடும். அதைப் படித்துத்தான் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைகளில் புல் இருந்தது என்று கண்டார்கள். மனிதர் காட்டை அழித்ததால் வந்த புல்வெளி இல்லை அது. இன்று சீகைத் தோப்பின் அடியில் குழி தோண்டினாலும் இதே அடையாளத்தை வைத்து, இதில் எவ்வளவு பழைய புல்லின் கார்பன், எவ்வளவு புது மரத்தினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியும். உங்கள் கேள்விக்குப் பதில் தேடும் வழிகளில் இது ஒன்று. எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

இப்படிப்பட்ட புல்வெளியை நாம் வெறும் நிலம் என்று நினைத்தோம். தரிசுநிலக் கணக்கில்கூடப் புல்வெளிகளைச் சேர்த்திருக்கிறார்கள். தோல் பதனிடவும் காகிதக் கூழுக்கும் விறகுக்கும் என்று சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் நட்டோம். 1973-லிருந்து 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, நீங்கள் போய் வந்த பழனி மலையில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. தண்ணீரும் சேர்ந்து போனது. நீலகிரியில் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து, ஒன்றில் மட்டும் 1972-ல் கற்பூர மரம் நட்டு அளந்தார்கள். முதல் சுற்று மரங்கள் வளர்ந்த காலத்தில் அங்கிருந்து வரும் நீர் ஆண்டுக்குச் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. ஆகவே கார்பனை மட்டும் வைத்து ஒரு மலையைத் தராசில் நிறுக்காதீர்கள். வரையாடு மேய்வது புல்லைத்தான்.

மீட்பது வெட்டுவதோடு முடிவதில்லை. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டால், தீ பட்டால், கீரை விதைத்தது போல முளைத்து வரும். ஆண்டுதோறும் போய்ப் பிடுங்க வேண்டும். எல்லாத் தோப்பையும் வெட்டுவதும் தவறு. பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக்காட்டின் நாட்டு மரக் கன்றுகள் தானாகவே வருகின்றன. அங்கே கை வைக்காமல், இப்போதுதான் சீகை ஏறிவரும் புல்வெளி ஓரங்களை முதலில் கவனிப்பது நல்லது என்பது என் கருத்து. தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் கொள்கை கொண்டுவந்தது. அகற்றுகிற வேகத்துக்கு, அகற்றிய பின் என்ன முளைக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க ஆட்கள் போதாது. அங்கே நீங்கள் வேண்டும். பூக்காத புல்லை இலையையும் கணுவையும் பார்த்தே இன்னதென்று சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தாவரவியல் படித்தவருக்கு அது கைக்கெட்டிய வித்தை. இப்போதே தொடங்குங்கள்.

சரி, படிப்பு. மண்ணியல் எம்.எஸ்சி.க்குப் பெரும்பாலும் வேளாண் பட்டம் கேட்பார்கள், அதனால் சூழலியல் வழியாக வாருங்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம், திருப்பதியில் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனம். மண்ணை ஆய்வகத்தில் கற்றுக்கொள்ளலாம். வேலைக்கு ஜான்சியில் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம், போபாலில் மண் அறிவியல் நிறுவனம், ஊட்டியிலேயே மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் என்று மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. வனத்துறைத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் வேறு.

பணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் திட்டப் பணி என்றால் குறைவுதான். பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் வேறு தேட வேண்டும். நிரந்தர வேலைக்கு முப்பதைத் தாண்டிவிடலாம். எனக்கே அந்தக் காத்திருப்பு முடியாமல்தான் வேறு வேலைக்குப் போனேன். வீட்டில் உங்கள் சம்பளம் உடனே தேவைப்படுகிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தேவையென்றால் சித்தப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பி.எட். முடித்துவிட்டு இதற்கு வந்தவர்களும் உண்டு.

அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில், ஊராட்சியில் கேட்டுக்கொண்டு, முழங்கால் ஆழம் ஒரு குழி தோண்டுங்கள். பக்கத்தில் வேலிக்கருவை அடியில் இன்னொன்று. எது வரை வேர் போகிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று அளந்து, படம் வரைந்து எனக்கு அனுப்புங்கள். கூடவே அங்கிருக்கும் புற்களில் எத்தனைக்கு உங்கள் ஊரில் பெயர் இருக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா