புழுக்கள் ஏன் மூடியில் ஏறுகின்றன?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். சமையலறைக் கழிவை உரமாக்க எண்ணி, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் அரைக் கிலோ மண்புழுக்களை விட்டு, காய்கறித் தோலோடு மிஞ்சிய சாம்பார் சாதத்தையும் அன்றாடம் போட்டு வந்தோம். இரண்டே வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை. புழுக்களும் மூடியின் உட்புறம் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தொட்டியைத் தூக்கி எறியச் சொல்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: மாமியாரின் மூக்கைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் புழுக்களின் மீதும் குற்றமில்லை. மண்புழுவுக்குப் பல் கிடையாது. நுண்ணுயிர்கள் சிதைத்து மென்மையாக்கிய கழிவைத்தான், அந்த நுண்ணுயிர்களோடு சேர்த்து, அது விழுங்குகிறது. தின்னும் வேகத்தை மிஞ்சிக் கழிவு குவிந்தால், அடியில் காற்றுப் புகாமல் அழுகி நாற்றமெடுக்கிறது. தோலால் சுவாசிக்கும் புழு அந்தச் சேற்றில் இருக்க முடியாமல் மேலேறுகிறது. சாம்பாரின் உப்பும் அதன் ஈரத்தோலுக்குப் பகை.

முதலில் சாதத்தையும் சொதசொதவென்று இருப்பவற்றையும் அகற்றுங்கள். தென்னை நார்க்கழிவை ஊறவைத்து, உப்பு போக நீரை வடித்துப் பிழிந்து, கிழித்த செய்தித்தாளோடு தொட்டியில் கலந்துவிடுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே கசிய வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இல்லையென்றால் இடுங்கள். ஒரு வாரம் எதுவும் போடாமலிருந்து, பிறகு நாளுக்கு 100 கிராமில் தொடங்கி, போட்டது கரைந்த பின்னரே அடுத்ததை நறுக்கிப் புதையுங்கள். புதைத்தால் பழ ஈ மொய்ப்பதும் குறையும். காப்பிச் சக்கை நல்லது. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்த டீத்தூளை அலசிய பிறகே போட வேண்டும். எலுமிச்சைத் தோல், மிளகாய், எண்ணெய்ப் பண்டங்கள் வேண்டாம். பொடித்த முட்டை ஓடு புளிப்பைத் தணிப்பதோடு, புழுவின் அரைவைப்பையில் இரையை அரைக்கவும் உதவும்.

கேள்வி: மழைக்குப் பின் தோட்டத்தில் காணும் மண்புழுக்களையே பிடித்து உரத்தொட்டிக்குள் விடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். அவற்றில் பல மண்ணுக்குள் வளை தோண்டி மண்ணையே தின்று வாழ்பவை. தொட்டியில் நிலைக்க மாட்டா. மட்கும் குப்பையில் வாழும் இனங்களே இதற்கு ஏற்றவை. அவற்றுள் ‘ஐசீனியா ஃபெடிடா’ குளிர்ச்சியை விரும்புவது. உங்கள் ஊர்க் கோடையில் வாடிவிடும். வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும் ஆப்பிரிக்க இனமான ‘யூட்ரிலஸ் யூஜினியே’யையோ, நம் நாட்டு இனமான ‘பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ்’ஸையோ கேட்டு வாங்குங்கள். எந்த இனமானாலும் மேற்கு வெயில் விழும் பால்கனியில் தொட்டியை வைக்காதீர்கள். எறும்பு வந்தால், தொட்டியை ஒரு முக்காலியின் மேல் ஏற்றி, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திவிடுங்கள்.