பார்மசி மாணவர்கள் நடத்தும் சர்க்கரைப் பரிசோதனை முகாம்களால் மக்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. வருகிற நவம்பர் 14 நீரிழிவு தின முகாமுக்குக் கல்லூரியில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. "மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். அந்தச் சொல்லை நானும் நிறையக் கேட்டவள்.

பார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பின் மூன்றாம் ஆண்டில் எங்களைக் கோயம்பேடு பழச் சந்தைக்கு அழைத்துப் போனார்கள். என் மேசைக்கு முதலில் வந்தவர் பன்னீர் திராட்சை தரம் பிரிக்கும் ஓர் அக்கா. விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் குத்தினேன். குளுக்கோமீட்டர் 312 காட்டியது. "அக்கா, உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப அதிகம்" என்று அப்படியே சொல்லிவிட்டேன். "இரண்டும் பெண் பிள்ளைகள் பாப்பா" என்று அழத் தொடங்கிவிட்டார். எங்கள் பேராசிரியர் வந்து அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண் வரை திராட்சைச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, மறு கையில் எடுத்தால் 124. விரலில் இருந்த சாறு ரத்தத் துளியோடு கலந்திருக்கிறது. ஸ்பிரிட் துடைப்பு அதற்குப் போதாது. அந்த அக்காவை அழவைத்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அன்றே பதினொரு மணி வாக்கில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். பழைய சர்க்கரை நோயாளி. மடியிலிருந்த பிளாஸ்டிக் பையை மேசையில் கொட்டினார். இரண்டு மாத்திரை அட்டைகள், இரண்டு நிறம், இரண்டு பெயர். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டிலும் சர்க்கரையைக் குறைக்கும் அதே கிளிமிபிரைடு, அதே மெட்ஃபார்மின்! ஒன்று பழைய டாக்டர் எழுதியது, மற்றது புது டாக்டர் எழுதியது. இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். முற்பகலில் கை நடுங்கி வியர்த்தால், சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்துச் சோற்றைக் குறைப்பாராம். மீட்டரில் 61. ஏறவில்லை, அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி பார்த்தோம். பிறகு மருந்துகளின் மூலப்பெயரைச் சீட்டில் எழுதி, இரண்டு அட்டைகளோடும் அன்றே டாக்டரிடம் அனுப்பினார் பேராசிரியர்.

விரல் நுனிச் சோதனையால் நோயை உறுதிசெய்ய முடியாது, ஆய்வகப் பரிசோதனை வேண்டும் என்று எனக்கும் தெரியும். நாங்கள் நோயை உறுதிசெய்யவும் இல்லை, மருந்தை மாற்றவும் இல்லை. 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரை பார்த்து மருந்து தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறதே என்றால், நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பெரியவர் விடியும் முன்பே சந்தைக்கு வந்துவிடுகிறவர். அவரை வீட்டில் எப்போது பார்ப்பது?

உண்மையில் அந்த அட்டையின் பின்பக்கத்தை மருந்துக்கடையிலேயே ஒருவர் படித்திருக்க வேண்டும். எங்கள் தெருக் கடையில் ஃபார்மசிஸ்டின் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அதிலுள்ள முகத்தை நான் கடையில் ஒருநாளும் பார்த்ததில்லை. சான்றிதழை மாத வாடகைக்கு விடுகிறவர்கள் நம் படிப்பைப் படித்தவர்கள்தான். நம்மை மதிப்பதில்லை என்று மற்றவர்களிடம் சண்டைக்குப் போகும்போது இதுதான் என் வாயை அடைக்கிறது.

நீங்கள் போங்கள். மாத்திரைப் பையோடு வரச்சொல்லி முதல் நாளே அறிவியுங்கள். சர்க்கரை இல்லை என்பவர்களிடம் வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு இருந்ததா என்று கேளுங்கள். இந்த நான்கையும் வைத்துச் சென்னை ஆய்வாளர்கள் உருவாக்கிய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் 60 தொட்டால் கட்டாயம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.