சாதாரண ஆளுக்கு ஒரு மென்பொருளை நிறுவுவது எவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்?

‘செட்டப் ஃபைலை டபுள் கிளிக் செய்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் கொடுத்தால் முடிந்தது, இதற்கு மேல் என்ன சுலபம் வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மேற்கு மாம்பலத்தில் பதினெட்டு வருடமாக வீடுகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போவதைச் சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். புரியாத கேள்விக்கெல்லாம் ஆமாம் போட்டுப் பழக்கப்படுத்தி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அசோக் நகரில் ஒரு ஓய்வு பெற்ற தமிழாசிரியை, எழுபது வயதைத் தாண்டியவர், பேரன் விட்டுப்போன லேப்டாப்பில் தமிழில் அடிக்க ஆசைப்பட்டு கூகுளில் தேடியிருக்கிறார். வந்த பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக ‘டவுன்லோட்’ என்று ஒரு பொத்தான். அது விளம்பரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அழுத்தினார், வந்த எல்லாவற்றுக்கும் நெக்ஸ்ட் கொடுத்தார். நான் போய்ப் பார்க்கும்போது பிரவுசரின் முதல் பக்கம் மாறியிருந்தது, ‘உங்கள் கம்ப்யூட்டரில் 312 பிழைகள்’ என்று ஏதோ ஒன்று பணம் கேட்டுக்கொண்டிருந்தது, தமிழ் மட்டும் வரவில்லை. “தம்பி, எதுக்கும் நெக்ஸ்ட் குடுங்கம்மான்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார். சொன்னது நான்தான். அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இதில் இன்னொன்று இருக்கிறது. அவர் எதையும் நிறுவியிருக்கவே வேண்டாம். தமிழ் விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து ஒலிப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தில் ‘amma’ என்று அடித்தால் ‘அம்மா’ என்று வருகிற மாதிரி அடிக்கும் வசதியும் கூடவே வருகிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சேர்க்க வேண்டும், ஆனால் அங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் என் கணக்கில் சுலபம் என்பது கிளிக் எண்ணிக்கைக்கு முன்பே, ‘எனக்கு இது வேண்டும், எங்கே போக?’ என்ற இடத்திலேயே ஆரம்பிக்கிறது. வெளியே தேடி அலையாமல் போய்க் கேட்க நம்பிக்கையான ஒரே ஒரு வாசல் வேண்டும்.

அந்த வாசல் போனில் இருக்கிறது. இதே அம்மா போனில் ரயில் டிக்கெட், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் தானே ஆப் போட்டுக்கொள்கிறார், ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஆப்பிளின் ஆப் கடை 2008 ஜூலையில் வந்தது, ஆண்ட்ராய்டுக்கு அதே வருடம் அக்டோபரில். இது போனோடு பிறந்த யோசனை என்றுதான் பலர் நினைக்கிறார்கள், ஆனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸில் டெபியன் என்று ஒரு வகை, 1999-இல் வந்த அதன் 2.1 பதிப்பிலேயே ‘ஆப்ட்’ என்ற கருவி இருந்தது: பெயரைச் சொன்னால் போதும், ஒரு பொது களஞ்சியத்திலிருந்து மென்பொருளையும் அதற்குத் தேவையான மற்றவற்றையும் தானே கொண்டுவந்து வைக்கும். அப்டேட்டும் அதே வழியாக வரும், நீக்குவதும் அதே வழியாக. அந்தக் களஞ்சியத்துக்குள் போவதற்கு முன் யாரோ ஒருவர் அதைப் பார்த்திருப்பார். ஆனால் அதைக் கருப்புத் திரையில் கட்டளையாக அடிக்க வேண்டியிருந்ததால் ஆசிரியை மாதிரி ஆட்கள் பக்கம் வர அது ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது, களஞ்சியத்தில் இல்லாத ஒன்று வேண்டுமென்றால் லினக்ஸ்காரர்களே தலையில் கை வைப்பார்கள். எந்த லினக்ஸிலும் ஓடும்படி மென்பொருளைக் கட்டித் தரும் ஃப்ளாட்பேக், ஸ்னாப் வந்த பிறகு அது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

விண்டோஸுக்கும் 2012-இலிருந்து ஒரு ஸ்டோர் இருக்கிறது, நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் அதைத் திறந்ததே இல்லை. பழக்கம் அப்படி.

சரி, எனக்கு நிஜமாகவே கோபம் வருவது கேட்கிற கேள்விகளில்தான். ‘32 பிட்டா 64 பிட்டா?’ அது அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியும், அதன் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் ஏன் கேட்க வேண்டும்? எந்த ஃபோல்டரில் வைக்க, டிபிகலா கஸ்டமா, பின்னால் ஓடும் சர்வீஸாகப் போடவா? இவற்றுக்குச் சரியான பதில் மென்பொருளை எழுதியவரிடம் இருக்கிறது, பொறுப்பை மட்டும் வாங்கியவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதுவும் ஆங்கிலத்தில். ‘இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்யலாமா?’ என்ற அந்தப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்லதற்கும் வருகிறது, கெட்டதற்கும் வருகிறது. தயாரிப்பாளர் தெரிந்தால் நீலம், தெரியாவிட்டால் மஞ்சள் என்ற வித்தியாசம் இருப்பது சர்வீஸ்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. எப்போதும் ‘யெஸ்’ கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்றால் அது கேள்வியே கிடையாது.

வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ காஸ் சிலிண்டரைப் பாருங்கள். இதைவிட ஆபத்தான பொருள் நம் வீட்டில் வேறு இல்லை, ஆனாலும் எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் அதை மாற்றுகிறார். ரெகுலேட்டர் டக்கென்று உட்கார்ந்தால் சரி, உட்காராவிட்டால் அடுப்பு எரியாது. வால்வு எந்த வகை, அழுத்தம் எவ்வளவு என்று யாரும் அவரைக் கேட்பதில்லை, அதையெல்லாம் அந்தப் பக்கம் யோசித்து முடித்துவிட்டுத்தான் சிலிண்டரே வீட்டுக்கு வருகிறது.

‘ரொம்பச் சுலபமாக்கினால் வைரஸ்காரனுக்கும் சுலபம்தானே’ என்று கேட்பீர்கள். நியாயம். கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் சலான் என்றும் வாட்ஸ்ஆப்பில் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) அனுப்பி, அதை நிறுவ வைத்து வங்கிக் கணக்கைக் காலி செய்கிறார்கள், எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரே பணம் இழந்தார். அங்கே கஷ்டமாகத்தான் இருக்க வேண்டும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து, கடைக்கு வெளியிலிருந்து நிறுவ, அதைக் கொண்டுவரும் பிரவுசர், வாட்ஸ்ஆப் மாதிரி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கிறது, அது நல்ல மாற்றம். ஆனால் நாமே என்ன செய்கிறோம்? விண்டோஸ் நீல நிற எச்சரிக்கைத் திரை காட்டி நிறுவ விடாமல் தடுத்தால், “மோர் இன்ஃபோ அழுத்துங்க சார், கீழே ரன் எனிவே வரும்” என்று போனிலேயே சொல்லித் தருகிறோம். சரியான வாசல் அடைத்துக் கிடப்பதால் எல்லாரையும் சுவர் ஏறிக் குதிக்கப் பழக்குகிறோம், நாளைக்கு மோசடிக்காரன் போனில் அதையே சொன்னால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

நீக்குவதையும் யாரும் பேசுவதில்லை. நிறுவ இரண்டு நிமிடம் ஆன ஒரு பிரிண்டர் மென்பொருளை நீக்க எனக்கு ஒரு மதியம் ஆனது, ஏழெட்டுப் பெயர்களில் பிரிந்து உட்கார்ந்திருந்தது.

இப்போது புதிதாகப் போகும் வீட்டில் ஸ்டோரில் கிடைப்பதை ஸ்டோரிலிருந்தே போட்டுத் தருகிறேன், கிடைக்காததற்குத் தயாரித்தவர்களின் தள முகவரியை ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டுகிறேன். ஆசிரியை வீட்டில் எதையும் ஒட்ட வேண்டியிருக்கவில்லை, அவர் இப்போது தினமும் ஒரு பக்கம் அடிக்கிறார். மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கையெழுத்தை வைத்திருக்கும், பென் டிரைவ் மாதிரி சொருகுகிற கருவி) வேலை செய்ய ஒரு டிரைவர் மென்பொருள், கையெழுத்துப் போட இன்னொரு சின்ன மென்பொருள், அதை அட்மினாக, அதாவது முழு அதிகாரத்தோடு ஓட்டினால்தான் கணக்குத் தாக்கல் செய்யும் தளம் டோக்கனைக் கண்டுகொள்ளும், ஒரு அப்டேட் வந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசித் தேதி நெருங்கும் ஒவ்வொரு ஜூலையிலும் என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் பைக்கில் போய் அரை நாள் உட்கார்ந்து சரி செய்து காசு வாங்கி வருகிறேன். அந்த வேலை எனக்கு வரவே கூடாது.